சொந்தக் காசும் வரிக் காசும்

மில்ரன் ஃபிறீட்மனும் துணைவியார் றோஸும் எழுதி 1980இல் வெளியான 'ஃபிறீ ரு சூஸ்' நூலை, உணவக வேலை முடிந்த இரவுகளில் வாசித்தேன். பொருளியல் படிப்பை இடையில் விட்டு வந்தவனுக்கு அந்த ஆசை இன்னும் போகவில்லை. சொந்தக் காசைத் தனக்காகச் செலவழிப்பவன் கவனமாயிருப்பான், பிறர் காசைப் பிறருக்காகச் செலவழிப்பவனுக்கு அக்கவனம் வராது, ஆகவே வரி குறையவேண்டும் என்பது நூலின் வாதம்.

முதற்பகுதி சரி. இலண்டனில் நாங்கள் பிடிக்கும் சீட்டே சாட்சி. பத்துப்பேர் மாதாமாதம் கட்டி, அவசரக்காரர் கழிவு கூறி எடுக்கிறார். எந்த அரசும் தேவைப்படவில்லை. ஆனால் முதலில் எடுத்தவர் ஆளே மறைந்தால் முறையிட இடமில்லை.

வரி விடயத்தில்தான் நூல் இடறுகிறது. 1979இல் தாட்சர் அரசு உழைப்பு வருமானத்தின் உச்சவரியை 83 வீதத்திலிருந்து 60 ஆகக் குறைத்தது. அதே வரவுசெலவுத் திட்டத்தில், பெரும்பாலான பொருட்களுக்கு 8 வீதமாயிருந்த பெறுமதிசேர் வரி 15 ஆனது. சப்பாத்து வாங்கும் கோப்பை கழுவுபவனும் அதைக் கட்டினான்.

என் முதல் உணவகத்தில் சம்பளம் கையில்தான். வரி இல்லையென்று மகிழ்ந்தேன். தேசியக் காப்புறுதியும் கட்டப்படவில்லை என்பது நான்கு வருடங்களின் பின்தான் உறைத்தது. இங்கே முழு அரச ஓய்வூதியத்துக்குப் பொதுவாக 35 வருடப் பதிவு வேண்டும். 10க்குக் குறைந்தால் ஒன்றுமில்லை. நீயாகத் தெரிந்த வேலைதானே என்று ஃபிறீட்மன் கேட்கலாம். வேலை செய்ய அனுமதி இல்லாதவனுக்கு வேறெந்த முதலாளி கதவு திறந்தான்?

சேமிப்புப் பற்றி நூல் சொல்வதைக் கேட்கலாம். வரி பற்றிச் சொல்வதை, சம்பளச் சிட்டையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசிக்கவேண்டும்.