அரசி நோக்கிய ஓவியம்

இல்லத்துச் சுவரில் படம் மாட்டுவது ஆணியும் சுத்தியலும் பற்றிய செய்தி என்றே பலர் எண்ணுவர். ஆயின், எந்தப் படத்தை, எவர் பார்வைக்காக, எவ்விடத்தில் வைப்பது என்னும் வினா கலைத்திறனாய்வைச் சார்ந்ததாகும். அவ்வினாவிற்குத் தமிழில் பழைமையானதொரு விடை உண்டு. அதனை நக்கீரரின் நெடுநல்வாடையில் காணலாம்.

188 அடிகளைக் கொண்ட அப்பாட்டில் பாண்டிமாதேவியின் அரண்மனை விரிவாகப் பேசப்படுகிறது. வெள்ளியெனச் சுண்ணச்சாந்து ஒளிர, செம்பினால் இயற்றியதை ஒத்த நெடுஞ்சுவரில் பூக்கள் பல பூத்த ஒரே கொடி வரையப்பட்டிருந்ததாகப் புலவர் கூறுகிறார். செல்வத்திற்குக் குறைவில்லாத மனையில் சுவர் முழுதும் ஓவியங்களை அவர் அடுக்கவில்லை. ஒரு கொடியே சுவரை ஆள்கிறது. எஞ்சிய வெற்றிடம் அக்கொடியின் அழகுக்குத் துணை நிற்கிறது.

அதனினும் சிறந்தது கட்டிலின் மேற்கட்டியில் உள்ள ஓவியமாகும். மெழுகு வழித்த அத்துணியில் மேடம் முதலாகிய இராசிகளும், திங்களைப் பிரியாத உரோகிணியும் தீட்டப்பட்டுள்ளன. பாசறையில் இருக்கும் கணவனைப் பிரிந்து துயிலின்றிக் கிடக்கும் அரசி அதனை நோக்குகிறாள், நெடுமூச்செறிகிறாள், கடைக்கண்ணில் திரண்ட நீரை விரலால் தெறிக்கிறாள். படுத்திருப்பவள் பார்வைக்கு நேரே அவ்வோவியம் இருப்பதாலன்றோ அத்துயரம் பிறந்தது!

பரிபாடலின் 19ஆம் பாட்டில், திருப்பரங்குன்றத்து ஓவியங்களிடையே வானத்துச் சுடர்களின் வட்டம் இடம்பெறுகிறது. அங்கே வருவோர் அதனை ஆராய்ந்து அறிகின்றனர். பொருள் ஏறத்தாழ ஒன்றே. பலர் கூடும் இடத்தில் அறிவாக நின்றது, தனியறையில் கண்ணீராக மாறுகிறது. ஓவியத்தின் பொருளில் ஒரு பாதியை அது இருக்கும் இடமே தருகிறது என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுவதில்லை.

இவ்வளவுகோலைக் கொண்டு இந்நாட்டுத் தமிழர் இல்லங்களையும் நோக்கலாம். தோட்டப்புற லயங்களின் பலகைச் சுவர்களில் முருகன் படமும் முன்னோர் நிழற்படமும் உயரத்தில், சற்று முன்சாய்ந்து தொங்கின. தரையில் அமர்ந்தோர் அண்ணாந்து காண அது ஏற்றதாயிற்று. அடுக்குமாடி வீட்டில் நாற்காலியில் அமர்வோர், நிற்போர் ஆகியோர் கண்களுக்கோ அவ்வுயரம் எட்டுவதில்லை. படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து ஏறத்தாழ 150 சென்டிமீட்டர் உயரத்தில் அமைவது நிற்போர் கண்ணுக்கு இசைவானது; அமர்ந்து காணும் இடமாயின் இன்னும் தாழலாம். சன்னலுக்கு எதிரே மாட்டினால் கண்ணாடியில் ஒளியே தெரியும். நேர்வெயில் பட்டால் வண்ணம் வெளிறும்.

உயரத்தினும் பெரிய குறை வேறொன்று உண்டு. இருக்கையின் நிறத்திற்கு ஒத்ததென்று வாங்கிய படம் கூடத்தில் வீற்றிருக்க, பால்மரம் சீவிய பாட்டியின் நிழற்படம் பண்டக அறைக்குப் போய்விடுகிறது. பின்பு, குடும்ப வரலாறு பிள்ளைகளுக்குத் தெரியவில்லையே என்று பெற்றோர் வருந்துகின்றனர். அன்றாடம் கண்ணில் படாத முகத்தைப் பற்றி எந்தப் பிள்ளை வினவும்?

அரசியின் மேற்கட்டி அவள் நெஞ்சோடு பேசியது. அங்ஙனம் பேசக்கூடிய ஒரு படமேனும், பேச வேண்டியவர் கண்ணுக்கு நேரே இருக்குமாயின், அச்சுவர் அக்குடும்பத்தின் சுவராகும்.