பாக்கெட்டும் கிளினிக் கொப்பியும்

ரத்தப் பரிசோதனையில் வைட்டமின் டி குறைவு என்று வந்துவிட்டால் தமிழ்நாட்டில் மருந்துக் கடையிலேயே தீர்வு கிடைத்துவிடுகிறது. 60,000 யூனிட் பவுடர், ஒரு கிராம் பாக்கெட். வாரம் ஒன்று வீதம் எட்டு வாரம் பாலில் கலந்து குடிப்பது வழக்கம். பல கடைகளில் டாக்டர் சீட்டுகூடக் கேட்பதில்லை.

இலங்கையில் அரச வைத்தியசாலை கிளினிக்குக்குப் போகும் தைராய்டு நோயாளிக்கு மருந்து இலவசம். வைட்டமின் டி பரிசோதனைக்குத்தான் பெரும்பாலும் தனியார் ஆய்வுகூடத்துக்குக் காசு கொடுத்துப் போக வேண்டும். அதனால் குறைவு இருப்பதே பலருக்குத் தெரியாமல் போகிறது. இந்தியாவில் பரிசோதனையும் மருந்தும் மலிந்து கிடக்கின்றன; பார்த்துச் சொல்ல ஆள்தான் பல நேரம் இல்லை.

சாதாரண ஆளுக்கு இந்த வித்தியாசம் பெரிய கேடு செய்யாது. பாராதைராய்டு நோயாளிக்குச் செய்யும். தைராய்டுக்குப் பின்னால் அரிசிமணி அளவில் இருக்கும் நான்கு பாராதைராய்டு சுரப்பிகள் விடும் ஹார்மோன்தான் வைட்டமின் டியைச் செயல்படும் வடிவத்துக்கு மாற்றும்படி சிறுநீரகத்தைத் தூண்டுகிறது. தைராய்டு அறுவை சிகிச்சையில் அவை அடிபட்டால் கால்சியம் இறங்கும். வாயைச் சுற்றி மரத்துப்போகும், விரல்கள் இழுத்துக்கொள்ளும். அப்போது வாரப் பாக்கெட்டை மட்டும் நம்பியிருக்க முடியாது. இந்தியாவில் கால்சிட்ரியாலும் இலங்கையில் பெரும்பாலும் அல்ஃபாகால்சிடோலும் கொடுக்கிறார்கள். இரண்டுக்குமே சிறுநீரகத்தின் அந்த வேலை தேவையில்லை. ஆனால் இரண்டும் உடம்பில் அதிக நாள் தங்காது. 2022 பொருளாதார நெருக்கடியில் இலங்கை மருத்துவமனைகளில் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது என் மனம் போனது இந்த மாத்திரைகளை நம்பியிருப்பவர்களிடம்தான். சில நாள் மாத்திரை தவறினாலே கை இழுக்கத் தொடங்கிவிடும்.

பாராதைராய்டு அதிகமாகச் சுரப்பவர்களின் நிலைமை நேர்மாறு. இந்தியாவில் இந்நோய் நெடுங்காலமாக எலும்பு வலி, எலும்பு முறிவு, சிறுநீரகக் கல் என்று முற்றிய பிறகே கண்டுபிடிக்கப்பட்டு வந்தது. கூடவே வைட்டமின் டி குறைவும் இருக்கும். அந்தக் குறைவு ரத்தக் கால்சியத்தைத் தாழ்த்திக் காட்டி நோயையே மறைத்துவிடக்கூடும். இவர்களுக்கு டி கொடுக்க ஒரு காலத்தில் மருத்துவர்கள் தயங்கினார்கள். இப்போது ரத்தத்தில் மில்லிலிட்டருக்கு 30 நானோகிராமுக்கு மேல் கொண்டுவரச் சொல்கிறார்கள், ஆனால் கால்சியத்தைப் பார்த்துப் பார்த்து, நிதானமாக. அறுவைக்கு முன்பே நிரப்பிவிட்டால், பிறகு எலும்பு ரத்தக் கால்சியத்தை வாரி இழுத்துக்கொள்ளும் ஆபத்தும் குறையலாம். இவர்களில் ஒருவர் தானாகவே வாரப் பாக்கெட்டைத் தினமும் குடித்தால், அல்லது ஆறு லட்சம் யூனிட் ஊசியைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டால், ஏற்கெனவே உயர்ந்த கால்சியம் இன்னும் ஏறும். வைட்டமின் டி கொழுப்பில் சேர்ந்துகொள்வதால் நிறுத்திய பிறகும் மாதக்கணக்கில் விடாது. வாரத்துக்கு ஒன்றைத் தினமும் ஒன்று என்று எடுத்துக்கொண்டு வாந்தி, மயக்கத்தோடு வந்தவர்களை இந்திய மருத்துவமனைகள் பார்த்திருக்கின்றன.

இந்த இடத்தில் இலங்கையின் கிளினிக் கொப்பி எனக்கு உயர்வாகத் தெரிகிறது. எந்த அறுவை, எந்த மருந்து, கடைசிக் கால்சியம் எவ்வளவு என்று எல்லாம் ஒரே கொப்பியில் நோயாளியோடு வருகிறது. தமிழ்நாட்டில் பரிசோதனைத் தாள்கள் ஒவ்வொரு லேபிலும் ஒன்றாகச் சிதறுகின்றன. டி குறைவு என்ற தாளோடு கால்சியம், பாராதைராய்டு ஹார்மோன் (பி.டி.எச்.) அளவுகளையும் சேர்த்துப் பார்க்கும் பழக்கம், எலும்பு வலியும் கல்லும் உள்ளவர்களுக்காவது, இங்கே கட்டாயம் வர வேண்டும்.

கால்சியம் மாத்திரையிலும் கவனம் வேண்டும். இலங்கையில் கர்ப்பிணிகளுக்குப் பழக்கமான 300 மில்லிகிராம் கால்சியம் லாக்டேட்டில் உண்மையான கால்சியம் 40 மில்லிகிராமுக்குள்தான். இந்தியாவில் சாதாரணமாகக் கிடைக்கும் 1250 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட்டில் 500. கடல் தாண்டி மாத்திரை வாங்கி வருபவர்கள் எண்ணிக்கையை மட்டும் பார்த்து மாற்றிக்கொண்டால் அளவு பன்னிரண்டு மடங்குக்கு மேல் புரண்டுவிடும்.

இரு கரையிலும் ஒரே தவறு நடக்கிறது: காலையில் எல்லா மாத்திரையையும் ஒன்றாக விழுங்குவது. தைராய்டு மாத்திரையான தைராக்ஸினைக் கால்சியம் உடம்பில் சரியாகச் சேரவிடாது. இரண்டுக்கும் நடுவே நான்கு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். தைராக்ஸின் விடியற்காலை வெறும் வயிற்றில், கால்சியம் மதியச் சாப்பாட்டோடு.