சார்புக் கொள்கையும் கோடைக்கானல் ஆராய்ச்சியும்

ஐன்ஸ்தைன் கூறினார் என்பதனாலேயே சார்புக் கொள்கையை ஏற்போரும், விளங்கவில்லை என்பதனாலேயே அதனை மறுப்போரும் ஒரு தன்மையரே. அவர்கள் கோடைக்கானல் வானாராய்ச்சி நிலையத்திலே ஜோன் எவர்ஷெட் ஆற்றிய பணியை நோக்குதல் தகும்.

ஞாயிற்றின் ஈர்ப்பினால் அதன் நிறமாலைக் கோடுகள் செந்நிறப் பக்கமாகப் பத்து இலட்சத்தில் ஏறத்தாழ 2 பங்கு பெயரும் என்பது கொள்கையின் முடிபு. எவர்ஷெட் அளந்த பெயர்ச்சியோ கோட்டுக்குக் கோடு வேறுபட்டது. ஞாயிற்றின் நடுவில் ஒன்றாகவும் விளிம்பில் வேறொன்றாகவும் நின்றது. வாயுக்களின் ஓட்டமும் இத்தகைய பெயர்ச்சியைத் தரவல்லது. ஆதலின் அவர் எளிதில் உடன்பட்டாரல்லர். பூமியே அவ்வாயுக்களை அப்பால் தள்ளுகின்றதோ எனவும் ஐயுற்றார். விந்தையான ஐயந்தான்! எனினும் அதனை வாதத்தால் தீர்க்க முயலாது, பூமியை நோக்காத ஞாயிற்றுப் பாகத்தின் ஒளி வெள்ளிக்கோளில் பட்டுத் தெறித்து வருங்கால் அதனை அளந்து பார்த்தார். 1923 அளவில் ஐன்ஸ்தைன் விளைவு உண்டென ஒப்பினார். இவ்வொப்புதலுக்குள்ள மதிப்பு, கேட்டவுடன் தலையசைத்தவர்களின் ஒப்புதலுக்கு இல்லை.

ஆயினும் வாயுக்களின் குழப்பம் ஞாயிற்றை விட்டு நீங்கவில்லை. 1960இல் பவுண்ட், ரெப்கா என்னும் இருவர் ஹாவார்ட் பல்கலைக்கழகத்துக் கட்டடமொன்றினுள், 22 மீற்றருக்குச் சற்று மேற்பட்ட உயரத்திலே காமாக் கதிர்களைக் கொண்டு அளந்தனர். அவ்வளவை கொள்கையுடன் நூற்றுக்குப் பத்து என்னும் பிழை எல்லைக்குள் இணங்கியது.