ஆறாத புண்ணும் ‘வடு’ என்னும் சொல்லும்

மனிதர் உளவளத்துணையை நாடுவதேன் என்னும் வினாவுக்கு உளவியல் நூல்கள் தரும் விடை பெரும்பாலும் ஒரு பட்டியலாகவே அமைகின்றது: துக்கம், அச்சம், நித்திரையின்மை, குடும்பப் பிணக்கு, மதுப்பழக்கம். இப்பட்டியல் பிழையானதன்று, ஆயினும் அது நாடிவருபவரின் உள்ளத்தை நோக்குமளவுக்கு அவர் வாழும் சமூகத்தை நோக்குவதில்லை. ஈழத்துச் சூழலில் இக்குறையை வலியுறுத்திக் காட்டியவர் உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம். ‘ஸ்கார்ட் மைண்ட்ஸ்’ (1998), ‘ஸ்கார்ட் கொம்யூனிற்றீஸ்’ (2014) ஆகிய நூல்களுக்கிடையே, 2007 இல் வெளியான கட்டுரையொன்றில், போர் தனியாளை மட்டுமன்றிக் குடும்பத்தையும் சமூகத்தையும் சிதைக்கின்றது என்றும், அவநம்பிக்கையும் மௌனமும் செயலின்மையும் அச்சிதைவின் குறிகள் என்றும் அவர் நிறுவினார்.

இவ்வாதத்தின் வலிமையை மறுப்பதற்கில்லை. ஆனால் அவ்விரு தலைப்புகளிலும் அமைந்து, தமிழில் ‘மனவடு’ என வழங்கும் உருவகம் ஆய்வுக்குரியது. வடு என்பது புண் ஆறிய பின் எஞ்சும் அடையாளம். ஆறாதது வடுவே என வள்ளுவர் அச்சொல்லுக்கு மாறுபட்ட பொருளும் ஏற்றினார். எனினும் அவரிடத்தும் சுட்ட செயல் முடிந்துவிட்டது. எஞ்சுவது நோவு மட்டுமே. மன்னார்த் தீவையும் அதன் பெருநிலக் கரையையும் நோக்குமிடத்து, சுட்ட செயலே இன்னும் முடியவில்லை என்பது புலனாகும்.

காணாமற்போனோரின் குடும்பங்களை எடுத்துக்கொள்வோம். மரணத்தின் பின் சைவருக்கு அந்தியேட்டியும், கத்தோலிக்கருக்கு ஆன்ம இளைப்பாற்றித் திருப்பலியும், முஸ்லிம்களுக்குக் கத்தமும் உண்டு. இச்சடங்குகள் துயருக்கு ஓர் எல்லை வகுப்பன. காணாமற்போனவருக்கு இவற்றைச் செய்தல் அவர் இறந்தார் என ஒப்புவதாகும். செய்யாதிருத்தலோ முடிவற்ற காத்திருப்பாகும். 2016 ஆம் ஆண்டுச் சட்டம், மரணச் சான்றிதழுக்குப் பதிலாக ஒருவர் காணப்படாதிருப்பதற்கே சான்றிதழ் வழங்க வழிசெய்தபோது, இந்த இடைநிலையை அரசே எழுத்தில் ஏற்றுக்கொண்டது. அமெரிக்க அறிஞர் போலின் பொஸ் ‘தெளிவற்ற இழப்பு’ எனப் பெயரிட்டதும் இதனையே.

2018 இல் மன்னார் நகரின் சதொச வளவில் மனித எச்சங்கள் வெளிப்பட்டன. 300க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் அகழப்பட்டன. 2019 மார்ச்சில் அமெரிக்க ஆய்வுகூடமொன்றின் காபன் ஆய்வு, அனுப்பப்பட்ட மாதிரிகள் 15 முதல் 17 ஆம் நூற்றாண்டு வரையான காலத்தன என அறிவித்தது. அம்முடிவு விவாதத்துக்குள்ளாயிற்று. ஆனால் பிள்ளையைத் தேடிய தாய்க்கு அது விடையுமாகவில்லை, ஆறுதலுமாகவில்லை. அவ்வாறே, 1990 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட எருக்கலம்பிட்டி முதலிய ஊர்களின் முஸ்லிம்கள், புத்தளத்தில் ஒரு தலைமுறை கழிந்தபின் திரும்பியபோது, வீடிருந்த இடத்தைக் கண்டாலும் விட்டுச்சென்ற அயலுறவைக் காணவில்லை.

இத்தகையோர் தலையிடி என்றும் நெஞ்சுப் படபடப்பு என்றுமே முறையிடக்கூடும். அதனை நோய்க்குறியாக மட்டும் வாசிக்கும் உளவளத்துணை, நீதியின்மையை நரம்புத் தளர்ச்சியாக மொழிபெயர்த்துவிடும். ‘ஏற்றுக்கொள்’ என்னும் அறிவுரை இங்கு மருந்தன்று. தேடுதலைக் கைவிடச் சொல்லும் கட்டளையாகவே அது ஒலிக்கும். காத்திருப்பவரோடு உடனிருந்து, அவர் நாளாந்த வாழ்வைத் தாங்கச் செய்வதே உளவளத்துணையால் இயல்வது. எஞ்சிய விடையை உளமருத்துவர் தரவியலாது. அதனைத் தரவேண்டியவர்கள் வேறு. இவ்வெல்லையை உணர்த்தாத வரையில், ‘மனவடு’ என்னும் சொல் எத்துணை இரக்கமுடையதாயினும், ஆறாத புண்ணை ஆறியதாகவே காட்டும்.