முறையீட்டினுள் வாழ்த்து: அப்பரின் முதற்பதிகம் – ஒரு மொழியமைப்பு நோக்கு

முன்னுரை

தாங்கொணாத் துன்பத்தில் இறைவனைப் போற்றி வலிமை பெறுதல் என்பது பக்தி இலக்கியத்தின் பெருவழக்கான பொருள். தமிழில் இதற்குச் சான்றாகக் காட்டத்தக்கது, 7ஆம் நூற்றாண்டினரான திருநாவுக்கரசர் திருவதிகை வீரட்டானத்தில் பாடிய பதிகமாகும். நான்காம் திருமுறையின் தொடக்கமாக விளங்கும் இது கொல்லிப் பண்ணில் அமைந்த பத்துப் பாடல்களை உடையது. சமணத்தில் தருமசேனராக இருந்தவர் சூலைநோயால் வருந்தித் தமக்கையார் திலகவதியாரை அடைந்தார் என்றும், அவர் வழிகாட்டப் பதிகம் பாடியதும் நோய் நீங்கிற்று என்றும் 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் கூறுகிறார். இவ்வரலாறு பதிகத்தைப் படிக்கும் முறையையும் வகுத்துவிட்டது. முதலில் வலி, பின்னர் வாழ்த்து, இறுதியில் நலம் என்னும் மூன்று படிகள் பாடலுக்குள்ளும் இருப்பதாகவே பலரும் கொள்வர். பதிகத்தின் மொழியமைப்போ இவ்வரிசைக்கு இடந்தரவில்லை.

பதிகத்தில் இல்லாத செய்தி

நோய் நீங்கிய செய்தி பத்துப் பாடல்களில் ஓரிடத்தும் இல்லை. பத்தாம் பாடலிலும் வேதனையால் உடல் புரளும் நிலையே கூறப்படுகிறது. நலம் பெற்றமை புராணம் தரும் முடிவேயன்றிப் பதிகம் தரும் முடிவன்று. எனவே, இங்கு வாழ்த்துத் தரும் வலிமை யாது என்னும் வினாவிற்கு நோய்நீக்கத்தை விடையாகக் கூறுதல் பொருந்தாது. விடையைத் தொடரமைப்பில் தேடுதல் வேண்டும்.

ஒரே விகுதி, மூன்று செயல்கள்

முன்னிலைப் பன்மை விகுதிகளாக இர், ஈர் என்பவற்றை நன்னூல் கூறும். இப்பதிகத்தில் ‘ஈர்’ விகுதி மூன்று வகையாகப் பயில்கிறது. ‘வல்லீர்’, ‘உகந்தீர்’ போன்ற வடிவங்கள் இறைவனின் ஆற்றலையும் கோலத்தையும் போற்றுவன. இவை வினைமுற்றாகவும் விளியேற்ற வினையாலணையும் பெயராகவும் கொள்ளத்தக்கன. ‘அஞ்சாதே’ என்று கூடச் சொல்லவில்லையே என்னும் பொருளில் வரும் ‘என்னீர்’ எதிர்மறை வினைமுற்று; அது குறைகூறல். ‘தவிர்த்தருளீர்’ என்பது இருநிலைப்பட்டது. ‘வாரீர்’ என்பதைப் போல் ஏவலாகக் கொண்டால் வேண்டுதல். எதிர்மறையாகக் கொண்டால் முறையீடு. வேண்டலும் கடிதலும் ஒரு வடிவினுள் அடங்கிவிடுகின்றன.

மூன்றாம் பாடலில் இவ்வமைப்புத் தெளிவாகப் புலப்படுகிறது. போற்றும் வடிவங்கள் முன்னும் பின்னும் நிற்க, சூலை சுடுவதைக் கூறும் தொடர் அவற்றின் நடுவே அமைகிறது. அப்பகுதிகளைப் பிரித்துக்காட்டும் ‘ஆயினும்’ போன்ற இணைப்புச்சொல் அங்கு இல்லை. வாழ்த்து வலியைத் தொடர்ந்து வருவதன்று. வலியைச் சூழ்ந்து நிற்பது.

வாழ்த்து ஒரு வாதமாதல்

இப்பதிகத்தில் புகழ்ச்சி வழக்காடுவதற்குரிய சான்றாகவும் பயன்படுகிறது. தம்மை அடைந்தாரின் வினையைத் தீர்ப்பது பெரியோர் கடன் அன்றோ என நான்காம் பாடல் வினவுகிறது. ஒன்பதாம் பாடல் பொன்னிற மேனி, சடை, பிறை ஆகியவற்றைச் சொல்லி விளித்துத் தொடங்குகிறது. அடியார் படும் பாடு இதுவாயின் தம்மைப் போன்றோர் இனி நம்பமாட்டார் என்றும் கூறுகிறது. இராவணனை மலைக்கீழ் அடர்த்துப் பின் அருள்செய்தமையை நினைவூட்டும் பத்தாம் பாடல், பழைய அருட்செயலையே முன்னுதாரணமாக வைக்கிறது. இறைவனின் பெருமையைக் குறைவின்றி ஏற்றுக்கொண்டவனே அவனை இவ்வாறு கேட்க இயலும். புகழாத நாவிற்கு இவ்வுரிமை இல்லை.

காலம் காட்டாத மறுப்பு

தன்மை வினைகளும் கருதத்தக்கன. ‘ஆற்றேன்’ என்பதும் ‘மறந்தறியேன்’ என்பதும் எதிர்மறை முற்றுகள். அவற்றில் காலங்காட்டும் இடைநிலை இல்லை. சூலையைக் குறிக்கும் ‘சுடுகின்றது’ என்பதோ நிகழ்கால இடைநிலை பெற்றது. நோய் காலத்திற்கு உட்பட்டது. பொறுக்கமாட்டாமையும் மறவாமையும் காலவரையறையின்றி ஒரே இலக்கண வடிவில் நிற்கின்றன. ஒன்று மற்றொன்றை அகற்றவில்லை.

மொழிபெயர்ப்பாளர் கருத்திற்கு

1921இல் கிங்ஸ்பரி, ஃபிலிப்ஸ் ஆகிய இருவர் வெளியிட்ட தொகுப்பு, 1989இல் இந்திரா பீட்டர்சன் வெளியிட்ட நூல் முதலியவற்றின் வாயிலாகத் தேவாரப் பாடல்கள் ஆங்கில வாசகரை அடைந்துள்ளன. இப்பதிகத்தை ஆங்கிலத்தில் பெயர்ப்போர் மூன்று இடர்களை எதிர்கொள்வர். முதலாவது, ஏவலா எதிர்மறையா என ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆகவேண்டும். இரண்டாவது, பாடல்தோறும் இறுதியில் நிற்கும் விளியைத் தொடக்கத்திற்கு நகர்த்தினால் முறையீடு இறைவன் பெயரில் சென்று முடியும் அமைப்புச் சிதையும். மூன்றாவது, முதற்பாடலிலேயே முன்னிலை பன்மையிலிருந்து ஒருமைக்கு மாறுகிறது; இன்றைய ஆங்கில முன்னிலைச் சொல் இம்மாற்றத்தைக் காட்டாது. மதிப்பிற்கேற்ப முன்னிலையை வேறுபடுத்தும் இந்தி, கன்னடம், தெலுங்கு ஆகியவற்றில் இதனைக் காக்க வழியுண்டு. எம்மொழியாயினும், மூலத்தில் இல்லாத ‘ஆயினும்’ என்னும் பொருள்தரும் இணைப்பை வாழ்த்தின் முன் சேர்ப்பதே பெருந்தவறு. அதனைச் சேர்த்தால் வலியை வென்ற பின் பாடியவரின் பாடலாக இது மாறிவிடும்.

முடிவுரை

வலியில் கிடப்பவன் பேச்சு தன்னைப் பற்றியதாகவே சுருங்குவது இயல்பு. இப்பதிகத்தில் தன்மை வினைகள் ஒவ்வொன்றும் முன்னிலையை நோக்கித் திருப்பப்படுகின்றன. பத்துப் பாடல்களும் வீரட்டானத்து இறைவனை விளித்தே முடிகின்றன. பொறுக்க இயலாத நிலையிலும் எதிரே ஒருவர் கேட்கிறார் என்னும் துணிவு இவ்விளிகளில் வெளிப்படுகிறது. வாழ்த்துத் தரும் வலிமை அதுவேயாகும். மொழிபெயர்ப்பு முதற்கண் காக்க வேண்டியதும் அம்முன்னிலையே.