உடம்பில் ஊன்றிய இலக்கணம்

தெற்கு அந்தமானில் ஒரு காலத்தில் வழங்கிய அகா-பேயா மொழியில் 'பேரிங்கா' என்றால் நல்லது. ஆனால் எந்த உறுப்பின் முன்னொட்டு அதோடு சேர்கிறது என்பதில்தான் சங்கதி இருக்கிறது. கைக்குரிய ஒட்டு சேர்ந்தால் கெட்டிக்காரர், கண்ணுக்குரியது சேர்ந்தால் கூரிய பார்வையுள்ளவர், வாய்க்குரிய 'அகா' சேர்ந்தால் மொழிவல்லவர். கைதேர்ந்தவர், வாய்த்துடுக்கு என்று நாமும் சொல்கிறோம். நாம் வேண்டாமென்றால் விட்டுவிடலாம், அந்த மொழி பேசியவர்களால் விட முடியாது. அகா-பேயா, அகா-போ, அகா-ஜெரு என்று மொழிப் பெயர்களிலேயே வாய் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இதை முதலில் எழுதிவைத்தவர்கள் பிரிட்டிஷ் அதிகாரிகள். 1858-இல் போர்ட் பிளேரில் கைதிகள் குடியேற்றம் அமைந்தபின் ஈ. எச். மேன், ஆர். சி. டெம்பிள், எம். வி. போர்ட்மன் ஆகியோர் சொற்களைத் திரட்டினார்கள். போர்ட்மனின் மொழிக் கையேடு 1887-இல் வந்தது. அதே குடியேற்றத்தோடு தட்டம்மையும் மேகநோயும் வந்தன. இம்மொழிகளைப் பேசிய, ஆயிரக்கணக்கில் இருந்த பெரிய அந்தமானியர் 1901 கணக்கெடுப்பில் 625 பேர், 1961-இல் 19 பேர். அகராதி தடித்துக்கொண்டே போக, பேசுபவர்கள் அருகிக்கொண்டே போனார்கள்.

1906 முதல் 1908 வரை அங்கே தங்கிய மானுடவியலாளர் ராட்கிளிஃப்-பிரவுன் வேறொன்றைத் தேடினார். வெகுநாள் கழித்துச் சந்திக்கும் உறவினர் கட்டிப்பிடித்து அழுவது சமூகத்தில் என்ன வேலை செய்கிறது என்று கேட்டார். 1922-இல் வந்த அவருடைய நூல் மானுடவியலின் போக்கையே மாற்றியது.

மரபணுவியல் இந்த மக்களின் வேரை ரத்தத்தில் தேடியது. ஐதராபாத் செல், மூலக்கூறு உயிரியல் மையத்தில் தங்கராஜ், லால்ஜி சிங் குழுவினர் 2005-இல் வெளியிட்ட ஆய்வு, அந்தமானின் மற்றொரு பழங்குடியான ஓங்கேக்களும் பெரிய அந்தமானியரும் பல்லாயிரம் ஆண்டுகள் தனித்திருந்தவர்கள் என்றது. ஆனால் ரத்த உறவு போகும் பாதையில் மொழி உறவும் போகவேண்டும் என்பதில்லை. பெரிய அந்தமானியம் ஒரு குடும்பம், ஓங்கேயும் ஜாரவாவும் வேறொரு குடும்பம் என்கிறார் மொழியியலாளர் அன்விதா அப்பி. பின்னதை ஆஸ்திரோனேசிய மொழிக் குடும்பத்தோடு இணைத்து 2007-இல் ஜூலியட் பிளெவின்ஸ் சொன்ன கருத்தைப் பலர் ஏற்கவில்லை.

உறுப்பு முன்னொட்டுகளைப் பட்டியலில் கண்டவர்கள் பலர். அவை ஒரே ஒழுங்கின் பகுதிகள் என்று விளக்கியவர் அப்பி. எஞ்சிய முதியவர்களோடு 2005-இலிருந்து உட்கார்ந்து பேசியபோது, உடம்பை ஏழாக வகுத்து அந்த வகுப்பைப் பெயர், வினை, உரிச்சொல் எல்லாவற்றிலும் ஓடவிடும் இலக்கணம் அவருக்குப் பிடிபட்டது. அங்கே 'கை' என்று தனியே சொல்ல வழியில்லை, யாருடைய கை என்று சேர்த்தே சொல்லவேண்டும். சங்கத் தமிழ் படித்தவருக்கு இது அந்நியமாகப் படாது. எந்தை என்றால் என் அப்பா, நுந்தை என்றால் உன் அப்பா, தந்தை என்றால் அவன் அப்பா. யாய், ஞாய், தாய் என்பவையும் அப்படித்தான். யாருடைய அப்பா என்பது அந்தச் சொல்லிலேயே இருந்தது. நாம் உறவில் வைத்திருந்த அந்தப் பிடியை அவர்கள் உடம்பில் வைத்திருந்தார்கள். இந்த நுட்பம் சொற்பட்டியலில் சிக்காது, பேச்சில்தான் சிக்கும்.

பறவையியலாளர் சதீஷ் பாண்டேயுடன் சேர்ந்து, பெரிய அந்தமானியர் பறவைகளுக்கு இட்ட பெயர்களையும் அப்பி நூலாக்கினார். அவருக்குச் சொல் கொடுத்தவர்களில் ஒருவர் போவா மூதாட்டி. அகா-போ பேசிய கடைசி மனிதர். அந்த மொழியில் பதில் சொல்ல ஆளில்லாமல் பல ஆண்டுகள் கழித்தார், மற்றவர்களோடு பேச அந்தமான் இந்தியைக் கற்றுக்கொண்டார், பறவைகளை முன்னோராக எண்ணி அவற்றோடு பேசினார். 2010 ஜனவரி 26-ஆம் நாள் காலமானார்.

அவருடைய குரல் ஒலிப்பதிவில் இருக்கிறது. இலக்கணம் நூலில் இருக்கிறது, மரபணு ஆய்வகத்தில் இருக்கிறது. ஆனால் ஒருவரைப் பார்த்து 'வாய் நல்லவர்' என்று சொல்ல, அந்த வாய்க்குக் காது கொடுக்க இன்னொருவர் வேண்டும்.