அடிக்குறிப்பும் அடிநிலை மக்களும்

பல்கலைக்கழகத்தின் முதலாம் ஆண்டு மாணவருக்குக் கல்விசார் திறன்கள் புகட்டப்படல் வேண்டும் என்ற குரல் இன்று ஓங்கி ஒலிக்கின்றது. வரவேற்கத்தக்கதே. ஆயின் அத்திறன்கள் எதற்காக, யாருக்காக என்ற வினாவை எழுப்பாது, அடிக்குறிப்பிடும் முறையையும் கட்டுரையைப் பந்தி பிரிக்கும் விதியையும் மாத்திரம் மனனஞ் செய்விப்பது, நீச்சல் விதிகளைக் கரையிலிருந்து ஒப்புவிக்கச் செய்வதை ஒக்கும். சர்வதேச உறவுகள் என்னும் துறையின் முதலாண்டுக் கருத்தரங்கை முன்வைத்து இதனை நோக்குவோம்.

முதற்கண் எமது பங்கை ஒப்புக்கொள்ளல் வேண்டும். உயர்தர வகுப்பிலே நாம் குறிப்புச் சொல்லுகிறோம், மாணவர் எழுதுகின்றனர், பரீட்சையில் அதனையே திருப்பித் தருகின்றனர். இவ்வாறு பழகியவர் கருத்தரங்கில் அமர்ந்ததும் வாயடைத்துப் போகின்றனர். வீட்டிலே நூல்களும் ஆங்கிலமும் வாய்த்தவர் பேசுகின்றனர். முன்னவரின் மௌனத்தை ஆற்றலின்மை என்று கொள்வது தவறு. அது வாய்ப்பின்மையின் மௌனம். வாசிக்கவும் வாதிக்கவும் வகுப்பிலேயே வெளிப்படையாகக் கற்பிக்காதவிடத்து, அத்திறன் சிலரது குடும்பச் சொத்தாகவே நின்றுவிடும்.

இத்துறையின் வரலாறே எமக்கு வழிகாட்டுகின்றது. முதலாம் உலகப் போரின் அழிவுக்குப் பின், 1919இல் வேல்ஸ் நாட்டின் அபெரிஸ்ட்வித்தில் சர்வதேச அரசியலுக்கென ஒரு பேராசிரியர் பதவி நிறுவப்பட்டது. 1936இல் அப்பதவியை ஏற்ற ஈ. எச். கார், 1939இல் வெளியிட்ட ‘இருபதாண்டு நெருக்கடி’ என்னும் நூலில், உலகப் பொதுநலன் என்று வல்லரசுகள் பேசுவது பெரும்பாலும் அவற்றின் சொந்த நலனே என்று வாதிட்டார். யாருடைய நலன் என்ற அவ்வினாவே கருத்தரங்கின் முதற் பாடமாதல் தகும்.

அதனை எம்மண்ணின் ஆவணமொன்றில் வைத்துப் பயிலலாம். 1964 ஒக்டோபர் 30இல் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் ஏறக்குறைய 975,000 மனிதரைக் கணக்கிட்டது. 525,000 பேரை இந்தியா ஏற்கும். 300,000 பேருக்கு இலங்கை பிரஜாவுரிமை வழங்கும். எஞ்சிய 150,000 பேரின் கதி பின்னர் தீர்மானிக்கப்படும்.

முதல் வாரம் மாணவர் அபிப்பிராயம் கூறாது, ஒப்பந்தம் என்ன சொல்லுகிறது என்பதை மாத்திரம் தம் சொந்த வார்த்தைகளில் எழுதட்டும். அடுத்த வாரம் ஒரு சொல்லைப் பற்றிக்கொள்ளட்டும். இந்தியாவுக்கு அனுப்புதலை ஒப்பந்தம் தாயகம் திருப்பியனுப்புதல் என்னும் பொருள்படவே குறிக்கின்றது. இலங்கையிலே பிறந்து, தேயிலைக் கொழுந்து பறித்து வளர்ந்தவருக்கு எது தாயகம்? இரு பிரதமர்கள் ஒப்பமிட்ட அவ்வாவணத்தில் தோட்டத் தொழிலாளி ஒரு தரப்பினன் அல்லன்; பங்கிடப்படும் பொருளாகவே நிற்கிறான். இதனைத் தானே கண்டுபிடிக்கும் மாணவன் வாசிக்கக் கற்றவனாகிறான்.

மூன்றாம் வாரம் ஆவணத்தின் முன்னும் பின்னும் தேடவேண்டும். இம்மக்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கிய 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், எஞ்சிய 150,000 பேரைச் சரிபாதியாகப் பிரித்த 1974ஆம் ஆண்டு உடன்படிக்கை, நாடற்றோருக்குப் பிரஜாவுரிமை வழங்க 1988இலும் 2003இலும் இயற்றப்பட்ட சட்டங்கள் ஆகியவற்றை ஒப்புநோக்கினால், ஒரு கையொப்பம் எத்தனை தலைமுறைகளைத் தொடர்ந்து சென்றது என்பது புலனாகும். அதன்பின் இரண்டு பக்கக் கட்டுரை. அதனைச் சகமாணவர் ஒருவர் மறுத்துரைக்க, மீண்டும் எழுதுதல். அப்பொழுது அடிக்குறிப்பு அலங்காரமாக இராது. எமது கூற்றைச் சோதிக்க வாசகருக்கு நாம் திறந்துவிடும் வாயிலாக அமையும்.

இது கல்வியன்று, அரசியற் பிரசாரம் எனச் சிலர் ஆட்சேபிக்கலாம். இவ்வாட்சேபத்தை ஒதுக்கிவிடலாகாது. ஒப்பந்தத்தைக் கண்டிக்கும் மாணவன், இரு அரசுகளும் முன்வைத்த நியாயங்களை அவற்றின் முழு வலிமையோடு எடுத்துரைத்த பின்னரே கண்டிக்க வேண்டும். ஆசிரியரின் கருத்தை ஒப்புவிப்பவனுக்குப் புள்ளி வழங்குவோமாயின், குறிப்புச் சொல்லும் பழைய வழக்கத்தையே முற்போக்கு வேடமிட்டுத் தொடர்ந்தவராவோம். கோபம் நியாயமானதாயினும், சான்றின்றி அது வாதமாகாது.

மலையகத்து லயத்திலிருந்து பல்கலைக்கழகம் வரும் மாணவி, தன் பாட்டனை ஓர் எண்ணாக்கிய ஆவணத்தைக் கையிலெடுத்து, அதை வரி வரியாக வாசித்து, எதிர்வாதத்துக்கு விடையிறுத்து, தன் முடிவைத் தன் மொழியில் எழுதுவாளாயின், அதுவே கல்விசார் திறன். அதற்கான முதற்பயிற்சி பல்கலைக்கழகத்தில் அன்று, எமது வகுப்பறைகளிலேயே தொடங்குதல் வேண்டும். நாளை குறிப்பேட்டை மூடிவைத்து, ஒரு பக்க ஆவணத்தை மாணவர் கையிற் கொடுத்துப் பார்ப்போம்.